பீலி வளைவு வரும் முன்

கித்துள்கலை ஊரின் கடைகளைத் தாண்டி ரோடு ஏறத் தொடங்கியதுமே கௌரிக்கு முதுகே காதாகிப் போனது. பாதி பெட்ரோல், பாதி கரண்ட் என்று ஓடுகிற ஹைபிரிட் கார், அதன் பின்சீட்டின் சாய்மானத்துக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, தகரப் பெட்டிக்குள் இருக்கிறது புது பேட்டரி. லித்தியமாம். பேரைச் சொல்லிப் பழகவே அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது, அதுவும் மனசுக்குள்ளேயே, குழந்தையைத் தூங்க வைக்கிற சாக்கில், லித்தியம் லித்தியம் என்று ராராட்டு மாதிரி. பழைய பேட்டரி இருந்த காலத்தில் இந்த இடத்துக்கு வரும்போதே அவள் தோள்பட்டைக்குப் பக்கத்தில், பேட்டரிச் சூட்டைத் தணிக்கிற காற்றாடி இரைய ஆரம்பிக்கும், மூச்சுத் திணறுகிறவன் வாயைத் திறந்து இழுப்பது போல, சீட்டு வழியாகச் சூடு வந்து சட்டையை நனைக்கும். இன்றைக்கு ஒன்றையும் காணோம். காணோமே என்பதும் ஒரு பயம்தான். சத்தம் போடுகிற வியாதியாவது எங்கே இருக்கிறதென்று தெரியும், பேசாமல் இருக்கிறது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறதோ யார் கண்டார், தன்னைப் பற்றியும் ஊரில் அப்படித்தானே சொல்வார்கள், யோகேஸ் பொண்டாட்டி ஊமையா, இல்லை கர்வமா என்று. மடியில் நிலானி தூங்கியது. பக்கத்தில் அத்தை, யோகேஸின் அம்மா, வளைவுக்கு வளைவு தலை சுற்றும் என்று எலுமிச்சங்காயை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். முன்னால் யோகேஸ் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியில் விரல் எலும்பெல்லாம் வெளுத்திருந்தது. அவனுக்குப் பக்கத்தில் ஹில்மி நானா, கம்பளையிலிருந்து வந்து பேட்டரியை மாற்றிக் கொடுத்தவர், இருக்கு என்பதை ஈக்கி என்று பேசுகிறவர். வெறுங்காரை ஓட்டிப் பார்ப்பது பரீட்சையே இல்லை, வாடகைக்கு ஹயர் போகிற மாதிரி ஆள் ஏற்றி மலை ஏறினால்தான் கணக்கு என்று சொன்னவர் அவர்தான். அதைக் கேட்டதும் அத்தை, நான் வர்றேன், நான் ஒருத்தியே ரெண்டு ஆளு என்று சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். விடிந்ததும் வட்டவளையிலிருந்து இறங்கி வந்தார்கள். இறக்கத்தில் என்ன தெரியும், கல்லைக்கூட உருட்டிவிடலாம். இப்போதுதான் ஏற்றம்.

ஏற்றத்தில் பாதி வழிக்கு மேலே பீலி வளைவு இருக்கிறது. பாறை இடுக்கில் மூங்கிலைச் செருகித் தண்ணீரை ரோட்டோரம் விழ விட்டிருப்பார்கள், அதுதான் பீலி, லாரிக்காரர்கள் நிறுத்தி முகம் கழுவுவார்கள். அங்கேதான் போன மழைக்காலத்தில் கார் உட்கார்ந்தது. அன்றைக்கும் கௌரி பின்சீட்டில்தான் இருந்தாள், கிளினிக்கில் நிலானிக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிற வழியில், முன்சீட்டில் ஹயருக்கு ஒரு வாத்தியார். நடுவில் இருக்கிற சின்னத் திரையில் பேட்டரிப் படத்துக்குள் கோடுகள் பச்சையாய் நிறைந்திருந்தன, ஒரு வளைவு திரும்பினால் பாதி, அடுத்த வளைவில் ரோஸ் நிறத்தில் ரெண்டே ரெண்டு, குடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி. காற்றாடி ஊளையிட்டது. அப்புறம் அந்தச் சிவப்பு முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறியோடு, எரிந்தது. அதற்குப் பிறகு கார் காராக இல்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கியபடியே இருந்தான், வாத்தியார் குடையை விரித்து இறங்கி, பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டார், போகும்போது காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார், செத்த மாட்டைத் தட்டுகிற மாதிரி. அந்தத் தட்டு இன்னும் கேட்கிறது. யோகேஸ் மழையில் நின்றுகொண்டு பீலித் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவினான், மழையில் நிற்கிறவன் எதற்கு முகம் கழுவ வேண்டும், அதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அவன் சொன்னான், கட்டார் போறேன் கௌரி, தனபாலன் மச்சான் ரொம்ப நாளா கூப்பிடுறாரு, காரை உதிரி உதிரியா வித்துருவோம். தனபாலன் அவனுடைய அக்காள் புருஷன், கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர்களோடு பழக்கம் உள்ளவர். அவள் என்ன செய்தாள்? தலையை ஆட்டினாள். சரி என்பதற்கும் அதே ஆட்டல், வேண்டாம் என்பதற்கும் கிட்டத்தட்ட அதே ஆட்டல். அவன் எதை எடுத்துக்கொள்வான், பாவம். அப்புறம்தான் யாரோ சொல்லி ஹில்மி நானா வந்தார், பெட்டியைத் திறந்தார், உள்ளதைப் பார்த்து நாக்கைத் தட்டினார், பெட்டி இருக்கட்டும் உள்ளே இருப்பதை மட்டும் லித்தியமாக மாற்றுவோம், காருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்றார். யோகேஸ் அப்போது ஒரு பேச்சு வைத்தான், தனக்குத்தானே வைத்த பேச்சு. ஆளோடு சிவப்பு முக்கோணம் எரியாமல் மேலே பிள்ளையார் கோயில் வரைக்கும் ஏறினால் மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவான். எரிந்தால், போவான். பாஸ்போர்ட்டை எடுத்துக் காரின் முன்தட்டில் போட்டிருக்கிறான், ரெண்டில் எதற்கும் தயார் என்பது மாதிரி. மச்சான் இன்றைக்குப் போன் பண்ணுவார். இன்றைக்கே பதில் வேண்டுமாம்.

போன் என்றாலே கௌரி ஒரு எட்டுத் தள்ளி நின்றுகொள்வாள். அஞ்சாம் வகுப்பு முடியாத வருஷம் அவளுடைய அம்மா குவைத்துக்குப் போனாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதனால் கௌரியின் பள்ளிக்கூடக் கொப்பிகள் பரணுக்குப் போயின. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கங்காணி வீட்டுப் போனில் அம்மா வருவாள். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கறுப்பாய்க் கனமாய் இருந்த அதைக் காதில் வைத்தால், தூரத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல அம்மா. சாப்பிட்டியா சாமி? கௌரி தலையை ஆட்டுவாள். தம்பி அழுவுறானா? இல்லையென்று தலையை ஆட்டுவாள். பேசு புள்ள, பேசுடி, அம்மாவுக்கு ஒன் சத்தம் கேக்கணும்டி. ஆட்டுவாள், இன்னும் வேகமாக ஆட்டுவாள், தலை ஆடுவது அங்கே தெரியாதென்று அந்த வயசுக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்தும் வாய் வரவில்லை, இத்தனை பேர் பார்க்கும்போது வாய் எப்படி வரும். கொஞ்ச நேரம் கர்ர் என்று சத்தம் கேட்கும், அப்புறம் அம்மா மூக்கை உறிஞ்சுவது, அப்புறம் ஒன்றுமில்லை. அம்மா திரும்பி வந்தபோது கௌரி கார்மெண்ட்ஸில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நடுராத்திரி கௌரி தண்ணீர் கேட்டால், யாருடா அது என்று அம்மா எழுந்து உட்காருவாள், மகளின் குரல் அவளுக்கு அடையாளம் தெரியாது. நிலானிக்கும் அப்படி ஒரு அப்பாவா, போன் திரைக்குள் சிரித்துக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டு? குழந்தையின் உள்ளங்காலைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். வெதுவெதுவென்று இருந்தது. முதுகு மட்டும் குளிர்ச்சியாகவே இருந்தது. அதை இப்போதுதான் கவனித்தாள். இத்தனை வளைவு ஏறியும் முதுகு குளிர்ச்சியாக.

"ஏறுமாடா இது?" என்றாள் அத்தை கண்ணைத் திறக்காமல். ஏறிக்கிட்டுத்தானேம்மா இருக்கு என்றான் யோகேஸ். ஹில்மி நானா கையிலிருந்த போனில் ஓடுகிற பேட்டரிக் கணக்கு எண்களைப் பார்த்துக்கொண்டே, பின்பக்கம் பாரம் கொறஞ்சு போச்சு, பழசு கல்லு மாதிரி கனம், இது இலேசு, அதான் அம்மாவ ஏத்திச் சமன் பண்ணியீக்கிறேன் என்றார், அத்தை மூடிய கண்ணோடு சிரித்தாள். சிரித்துவிட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சீட்டின் சாய்மானத்தை மெல்லத் தட்டிக் கொடுத்தாள், உள்ளே ஒரு பிள்ளை படுத்திருப்பது போல. அவ பாத்துக்குவா என்று முணுமுணுத்தாள். கௌரிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது, சிரிப்பும் வந்தது, யோகேஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான், அவனுக்கும் உதடு கோணியது, ஹில்மி நானா ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். மூன்று பேருக்கும் தெரிந்தது அத்தைக்கு மட்டும் தெரியாது. நேற்று நடந்தது அது. பெட்டியைத் திறக்கும் முன்னால் பேட்டரியில் ஒரு ஆரஞ்சு நிற பிளக்கை உருவி எடுக்க வேண்டுமாம், அதை எடுத்துவிட்டால் கரண்ட் நடுவில் அறுந்து போகும், வேலை முடியும் வரை அது வெளியே இருக்க வேண்டும். ஹில்மி நானா அதை உருவி, நேராக வந்து, கதவோரம் குழந்தையோடு நின்ற கௌரியின் கையில் வைத்தார். "இந்த பிளக் யார் கையில ஈக்கோ, அவங்க கையிலதான் என் உசிரும் ஈக்கி, தங்கச்சி. நான் கேட்டாத் தவிர யாருக்கும் குடுக்காதீங்க. ஒங்க மாப்பிள்ள கேட்டாலும்." எப்போதும் வேலையில் கை வைக்காத ஆளிடம்தான் கொடுப்பாராம், அது அவருடைய வழக்கம். கௌரி அதை இடுப்புச் சேலையில் முடிந்துகொண்டாள். வேலை முடிகிற நேரம் நிலானிக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு ஏறினவள் சாமிப் படங்களைக் கும்பிட நிமிர்ந்தால், ஆணி மட்டும் இருக்கிறது, அதில் தொங்குகிற செப்புத் தகட்டைக் காணோம். பூசாரி மந்திரித்துக் கொடுத்த அம்மன் தகடு, உள்ளங்கை அகலம். எங்கேத்தே தகடு என்று கேட்டால், அத்தை முகமெல்லாம் மலர்ச்சியாய், அது போற எடத்துக்குப் போயிருச்சு, மூணு நாளைக்கு எங்கேன்னு வாயால சொல்லப்படாது, பூசாரி சொல்லியிருக்காரு, சொன்னா சக்தி போயிரும் என்றாள். ஆம்பளைகள் தேத்தண்ணி குடிக்க ஒதுங்கின நேரம் அத்தை காரடியில் தனியாக நின்றது ஞாபகம் வந்தது. புது பேட்டரிக்குப் பூசை போட மகன் சம்மதிக்கவில்லை என்று மூன்று நாளாக முனகிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. கௌரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள். மூடியைப் பூட்டி, சீட்டையும் மாட்டிவிட்டிருந்தார்கள்.

ஹில்மி நானா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பிளக்கத் தாங்க தங்கச்சி என்று கையை நீட்டினார். கேட்கிறவர் அவர். அவர் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும். கங்காணி வீட்டு வாசலில் நின்றது போலவே நின்றாள். தகட்டைக் காணோம் என்று சொன்னால் அத்தையைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும், மருமகள் வந்து சாமி காரியத்தில் மூக்கை நுழைத்தாள் என்று ஆகும், ஒருவேளை அங்கே இல்லையென்றால் எல்லார் முன்னாலும் பைத்தியக்காரி என்று ஆகும், சொல்லாமல் விட்டால் என்ன ஆகும். கை தானாகப் போய் இடுப்பு முடிச்சைப் பொத்திக்கொண்டது. "தர மாட்டேன்" என்றாள். கல்யாணம் கட்டி வந்ததிலிருந்து அவள் அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை, பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கடன் கேட்டால்கூட. யோகேஸ் திரும்பி, என்னடி, அலுமாரிச் சாவின்னு நெனச்சுக்கிட்டியா என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவள் அவன் காதுக்கருகில் போய்ச் சொன்னாள், பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே போனது, ஆணியில தகடு இல்ல, அத்தை இங்க நின்னாங்க, அவ்வளவுதான். அவனுடைய சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஹில்மி நானா சீட்டைக் கழற்றினார், பூட்டின ஒவ்வொன்றையும் திரும்ப முறுக்கி எடுத்தார், டார்ச்சை அடித்தார். வரிசையாக நிற்கிற பேட்டரிக் கட்டிகளின் இடுக்கில், சந்தனப் பொட்டு வைத்து, சாமி அலமாரியில் வைப்பது போல அழகாகச் சாய்த்து வைத்திருந்தது தகடு. அதன் தலைக்கு மேலே, ஒரு நகக்கண் தள்ளி, கட்டிகளை இணைக்கிற செப்புப் பட்டைகள். பிளக்கைப் போட்டு, கார் கிளம்பி, முதல் பள்ளத்தில் குலுங்கினால் தகடு எகிறிப் பட்டையில் இடிக்கும், அப்புறம் தீதான். இடுப்பில் நிலானி எச்சில் வழிய விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஹில்மி நானா ரப்பர் கையுறையோடு அதை அசையாமல் தூக்கி, இரண்டு கையாலும் கௌரியிடம் நீட்டினார். இத நல்ல எடமாப் பாத்து வையிங்க என்றார், பிளக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஒங்ககிட்டயே ஈக்கட்டும். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் பெட்டியை முதலிலிருந்து பார்த்தார். அவள் தகட்டை ஒரு சிவப்புத் துணியில் சுற்றி, டிரைவர் சீட்டு உறையின் உள்பக்கம், யோகேஸின் முதுகு படுகிற இடத்தில் வைத்துத் தைத்துவிட்டாள், கார்மெண்ட்ஸ் தையல், பிரிக்க வேண்டுமென்றால் கத்திரி வேண்டும். அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. மூன்று நாளைக்கு வாயால் சொல்லப்படாது, அவளே போட்ட சட்டம். நாலாம் நாள் கேட்டால், போற இடத்துக்குப் போய்விட்டது என்று தானும் சொல்லலாம். பொய்யில்லையே.

இப்போது ரோடு இன்னும் செங்குத்தானது. கீழே ஆறு சின்னதாகி நூல் மாதிரி தெரிந்தது, பனி வந்து கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போனது, முன்னால் ஒரு தேயிலைக் கொழுந்து லாரி புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தது. யோகேஸ் ஒதுங்கி, காலை அழுத்தினான். இது, இந்த அழுத்தத்தில்தான் பழையது மூச்சு வாங்கும். கௌரி மூச்சைப் பிடித்தாள். கார் ஒன்றும் சொல்லாமல், ஒரு கை வந்து இடுப்பைத் தூக்கிவிட்டது போல முன்னால் போயிற்று, லாரி பின்னால் போனது. திரையில் பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு அம்புக்குறி மஞ்சளாய் ஓடியது, கோடுகளில் ஒன்று குறைந்தது, திரும்பவும் நிறைந்தது. ஹில்மி நானா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார், போட்டவர் நிறுத்திக்கொண்டார், இன்னும் பீலி வளைவு வரவில்லை. வரப்போகிறது. அந்தப் பலா மரம் வந்துவிட்டது, அடுத்து இடிந்த மதகு, அடுத்து அதுதான். அப்போது பார்த்துத்தான் போன் அடித்தது. யோகேஸால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாது, மச்சான்தான், கௌரி எடு, மேல போய்ப் பேசுறேன்னு சொல்லு என்றான். ஹில்மி நானா போனை எட்டிப் பின்னால் நீட்டினார். அது அவள் கையில் நடுங்கிக்கொண்டு வெளிச்சமாய் இருந்தது. அமுக்கிக் காதில் வைத்தாள். "யோகேஸ்," தனபாலனின் குரல், "ஏஜென்சிக்காரரு பக்கத்துலதான் இருக்காரு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, பேரைக் குடுத்துருவோம்." மேல போய்ப் பேசுவாராம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்லலாம். சொன்னால் பதில் பீலி வளைவின் கையில். வளைவு எப்படி வேண்டுமானாலும் சொல்லும், ஒரு கல், ஒரு பள்ளம், ஒரு விளக்கு, அதுவா தன் பிள்ளைக்கு அப்பா எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வது. இத்தனை நாள் எல்லாரும் காரைத்தானே கேட்டார்கள், ஏறுவாயா ஏறுவாயா என்று, தன்னை யாரும் கேட்கவில்லை, தானும் சொல்லவில்லை. முதுகு குளிர்ச்சியாக இருந்தது. "அவரு வரலீங்கண்ணே" என்றாள்.

"யாரு பேசுறது?" என்றார் தனபாலன். கல்யாணப் பந்தலில் மாலை எடுத்துக் கொடுத்தவர், அவள் கையால் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறார். "கௌரிங்கண்ணே." "கௌரியா?" அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "ஒனக்குப் பேச்சு வருமா?" "வருதுங்கண்ணே." அவன்கிட்ட கேட்டியா என்று அவர் கேட்டது யோகேஸுக்கும் கேட்டது. கண்ணாடியில் அவன் கண் அவளைப் பிடித்தது, கோபமா, வேறென்னவோ, அவளால் படிக்க முடியவில்லை, ரோட்டைப் பாருங்களேன் என்று நினைத்தாள். "இன்னும் மேல போய்ச் சேரலியேடி" என்றான் அவன் மெல்ல. "சேந்துருவோம்" என்றாள் கௌரி. பிறகு, குரல் இறங்குவதற்குள், "சேரலன்னாலும் போக வேணாம்." அதற்குமேல் பார்க்க நேரமில்லை, மதகு போயிற்று, மூங்கில் குழாயும் விழுகிற தண்ணீரும் பக்கவாட்டில் வந்தன, அவன் ஸ்டியரிங்கை முழுதாய் ஒடித்தான், அத்தை எலுமிச்சங்காயை நசுக்கிவிட்டாள், வாசனை காரெல்லாம் பரவியது, நிலானியின் தலை அவள் மார்பில் சரிந்தது, பின்னால் காற்றாடி எழுந்தது, எழுந்ததும் அவளுக்குப் பாதி உயிர் போனது, ஆனால் அது ஊளையிடவில்லை, தூங்குகிற குழந்தை ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பிப் படுப்பது போல ஒரு தடவை ஊதிவிட்டு அடங்கியது. முக்கோணம் இல்லை. பீலி பின்கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனது. அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்த லாரிக்காரன் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான், அவனுக்கு என்ன தெரியும். அடுத்த வளைவு, அதற்கடுத்தது, இப்போது யோகேஸ் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான், முதுகு சீட்டில் நன்றாகப் பதிந்தது, தகடு இருக்கிற இடம். பிள்ளையார் கோயில் மணி தெரிந்தது. கோயிலைத் தாண்டியதும் ரோடு தன் பாட்டுக்குக் கீழே சாய்ந்தது, அவன் காலை எடுத்தான், திரையில் அம்புக்குறி திரும்பி, சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓட ஆரம்பித்தது, பச்சைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. "நான் சொல்லல?" என்றாள் அத்தை கண்ணைத் திறந்து. ஹில்மி நானா, ஆமாம்மா ஆமாம்மா, சரியான எடத்துல வச்சீக்கி என்றார், எந்த இடம் என்று சொல்லவில்லை. யோகேஸ் இடது கையை நீட்டி, முன்தட்டைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினான், அவள் வாங்கிக் குழந்தையின் துணிப் பைக்குள், பால் போத்தலுக்குக் கீழே செருகினாள்.

காதில் இன்னும் போன் இருந்தது. அவர் வைக்கவில்லை, காத்துக்கொண்டிருந்திருக்கிறார். "முடிவாத்தான் சொல்றியா?" என்றார் தனபாலன். கௌரி தலையை ஆட்டினாள். ஹலோ என்றார். அவள் இன்னும் பலமாக ஆட்டினாள். ஹலோ, ஹலோ, கேக்குதா? அப்போதுதான் தான் தலையை ஆட்டிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, சிரித்துக்கொண்டே, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆமாங்கண்ணே, முடிவாத்தான்" என்றாள். மடியில் நிலானி விழித்துக்கொண்டு, இந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று அம்மாவின் வாயையே பார்த்தது.